அகலக்கால் வைத்தவருக்கு

ஓய்,

இன்று சாயங்காலம் புனே கேம்ப் பகுதியில் ஒரு செருப்புக் கடையில் உம்மால் நான் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். என் வீட்டுக்காரி ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளச் செருப்புத் தேடிக்கொண்டிருந்தாள். நான் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் விற்பனைக்காரர் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளிருந்த தாள் சரசரத்தது. புது ரப்பரும் பசையும் கலந்த வாசனை கிளம்பிற்று. அந்த வாசனை பட்டாலே எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. எத்தனை கடையில் உம்மோடு அதை முகர்ந்திருக்கிறேன்!

புது ஜோட்டுக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தவர் நம் வயதுக்காரர், மராட்டிக்காரர். பக்கவாட்டில் பிடிக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். விற்பனைக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல், "ஏக் நம்பர் படா லே லோ காகா, ஃபிட் ஹோ ஜாயேகா" என்றார். ஒரு நம்பர் பெரிதாக எடுத்துக்கொண்டால் சரியாகிவிடுமாம்.

என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்துபோய், "அவர் கால் நீளமில்லை, அகலம். நீளத்தைக் கூட்டினால் அகலம் எங்கிருந்து வரும்?" என்று என் வங்கி இந்தியில் கேட்டேன். விற்பனைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, நீங்கள் டாக்டரா என்றார். காலுக்குச் சொந்தக்காரர், நான் ஏதோ எதிர்க்கடை ஆள் என்று நினைத்து ஜோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது. என் வீட்டுக்காரி செருப்பு வாங்காமலேயே என்னைத் தெருவுக்கு இழுத்து வந்தாள்.

"ஊர்ல போறவன் காலு எப்படி இருந்தா ஒங்களுக்கென்ன?" என்றாள்.

ஊரில் போகிறவன் காலா அது? உம் கால், வேய்.

நான் உம்மை முதலில் பார்த்தபோதும் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். வங்கி என்னைப் புனேவுக்கு மாற்றிய புதிது. ஆகுர்டியில் வீடு பார்த்துக் குடிவந்து, காலையில் பக்கத்து டென்னிஸ் மைதானத்தில் சேர்ந்துகொள்ளலாமா என்று கம்பி வேலிக்கு வெளியே நின்றிருந்தேன். வலைக்கருகில் ஒருவர் பந்தை நழுவவிட்டார். "சவத்துப் பய பந்து!" என்றார். இந்தியும் மராட்டியும் மட்டுமே கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்த என் காதில் அது தேனாக விழுந்தது.

"திருநவேலியா ஓய்?" என்று வேலிக்கு வெளியிலிருந்தே கத்தினேன்.

"பாளையங்கோட்டை. நீரு?"

"அம்பாசமுத்திரம்."

"அப்ப வெளியே நின்னு என்ன செய்தீரு? உள்ள வாரும்."

உள்ளே வந்து பார்த்தால், நீர் போட்டிருந்த கேன்வாஸ் ஜோட்டில், சுண்டுவிரல் இருக்கும் இடத்தில் பிளேடால் சதுரமாக ஓர் ஓட்டை போட்டிருந்தது. இரண்டு காலிலும். அந்த ஓட்டை வழியே உம் சுண்டுவிரல்கள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. இதென்ன என்று கேட்டேன். "வெரலு மூச்சு விட வேண்டாமா வேய்?" என்றீர், ஏதோ நான்தான் விவரமில்லாதவன் போல.

அப்படியொரு கால் நான் கண்டதில்லை. குதிகால் சாதாரண அளவு. முன்பக்கம் முறம் மாதிரி விரிந்திருக்கும். உள்ளங்காலில் குழிவே கிடையாது; குளித்துவிட்டு நீர் நடந்து போனால் தரையில் முழுப் பாதமும் ஈரமாகப் பதியும். நிற்கும்போது கணுக்கால் இரண்டும் உள்பக்கமாகச் சரிந்துவிடும். வாசலில் நீர் கழற்றிப் போட்ட ஜோடுகள், கள்ளுக்கடையிலிருந்து தோளில் கைபோட்டுத் திரும்புகிற இரண்டு பேர் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும்.

நாம் இரட்டையர் ஆட்டத்துக்குக் கூட்டாளிகள் ஆனதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. நீர் வலையருகே நின்று கையை நீட்டினால் பந்து செத்து விழும். ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசைய மாட்டீர். எனக்கு ஓட மட்டும்தான் தெரியும். அதோடு, எதிராளிகள் முன்னாலேயே நாம் தமிழில் சத்தமாகத் திட்டம் போடலாம். "அந்தக் கண்ணாடிக்காரருக்கு இடது பக்கம் போடும், அவருக்கு பேக்ஹேண்டே கிடையாது" என்று நீர் வலைக்கு இந்தப் பக்கமிருந்து முழங்குவீர். கண்ணாடிக்காரர் சிரித்துக்கொண்டே நிற்பார்.

நீர் அசையாமல் நிற்பதைச் சோம்பல் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நீர் மட்டும் ஸ்கூட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டு நிற்பீர். துடைத்த இடத்தையே துடைப்பீர். கால் வலி தணிந்த பிறகுதான் உம்மால் வண்டியை உதைக்க முடியும் என்பதை, ஒருநாள் நான் ராக்கெட் உறையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தபோதுதான் கண்டுகொண்டேன். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றிருந்தீர். என்னைப் பார்த்ததும் துணியை எடுத்துவிட்டீர்.

"என்ன வேய், வலியா?"

"ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும் இருக்கதுதான."

இந்த வார்த்தையை அன்றைக்கே பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். எல்லோருக்கும் இருப்பதுதானாம்!

பிறகு முழங்கால் வீங்கிற்று. எலும்பு டாக்டர், பாதம் உள்ளே சரிவதால்தான் கணுக்காலும் முழங்காலும் இழுபடுகின்றன, சரியான ஜோடும் உள்ளே தாங்கலும் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டென்னிஸை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அன்று உம் வீட்டில் மதினி என்னைத் தனியே சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

"ஃபேக்டரில டூல் ரூமை மூடிட்டு வீட்டுக்கு அனுப்பிட்டானில்லா அண்ணாச்சி, அப்ப இவுக செவத்தைப் பாத்துப் படுத்தே கெடந்தாவ. வச்சாத் திம்பாவ, வைக்கலன்னா கேக்க மாட்டாவ. பக்கத்து வீட்டு ஆளு ஒருநாள் வம்பா கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. திரும்பி வந்து, ஏட்டி பசிக்கின்னு கேட்டாவ. நான் அடுப்படில நின்னு அழுதேன். அதையும் நிறுத்திட்டா நான் என்ன செய்வேன்? நல்ல ஜோடா ஒண்ணு வாங்கிக் குடுத்திருங்க. நீங்க சொன்னாக் கேப்பாவ."

நான் சொன்னால் நீர் கேட்பீராம். மதினிக்கு உம்மைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.

நான் சனிக்கிழமை உம்மோடு கடைக்கு வருகிறேன் என்றேன். நீர் வெள்ளிக்கிழமையே போய் வாங்கிவிட்டீர். எட்டாம் நம்பர் கால். வாங்கி வந்தது பத்து. "அகலம் பத்தலன்னா நம்பரைக் கூட்டணும் வேய், இது தெரியாதா?" முன்னால் அவ்வளவு இடம் காலியாக இருக்க, பக்கவாட்டில் அப்போதும் பிடித்தது. நீர் நின்றால் ஜோடு நிற்காது. கால் உள்ளே வழுக்கிக்கொண்டு போய் நுனியில் இடிக்கும். மூன்றாம் நாள் ஆட்டத்தில் அதன் நுனி தரையில் தட்டி, வலையை அணைத்துக்கொண்டு விழுந்தீர். கட்டைவிரல் நகம் கறுத்தது. பத்தாம் நம்பரை யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை, போடவும் முடியவில்லை.

அடுத்து, தள்ளுபடி என்று எங்கோ பார்த்துவிட்டு ஓட்டப்பயிற்சி ஜோடு. பஞ்சு பஞ்சாக, குதிகால் உயரமாக. "மெத்தையில நிக்க மாதிரி இருக்கு வேய்!" என்று தெருவில் இருப்பவர்களை எல்லாம் கூப்பிட்டு அமுக்கிப் பார்க்கச் சொன்னீர்.

"ஓய், அது நேரா ஓடுறதுக்கு உள்ளது. நாம பக்கவாட்டுல தாவுதோம். இந்த உயரத்துல சாஞ்சா கணுக்கால் மடங்கிரும்."

"ஓட்டம்னா ஓட்டம்தான. அதுல நேரு என்ன, குறுக்கு என்ன?"

உம் கால் உள்ளே சரிகிற கால். அடியில் பஞ்சை வைத்தால் இன்னும் சரியத்தானே செய்யும்? ஒரு மாதத்தில் உள்பக்கம் நசுங்கி, வெளிப்பக்கம் புதிதாகவே இருந்தது. ஒரு நாள் குறுக்கே ஒரு எட்டு வைத்தீர், உலக அதிசயமாக. கணுக்கால் மடங்கிற்று. நானும் கண்ணாடிக்காரரும் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றினோம். ஆட்டோவில் வைத்து, "ஜோடு நல்ல ஜோடுதான். தரைதான் சரியில்ல" என்றீர்.

வீக்கம் வடிந்ததும் மருந்துக்கடைக்குப் போய் ஜெல் இன்சோல் வாங்கினீர். இன்சோலைக் கம்பெனி உள்ளே வைத்திருப்பதை எடுத்துவிட்டல்லவா போட வேண்டும்? நீர் அதன் மேலேயே வைத்தீர். ஏற்கெனவே இடமில்லாத ஜோடு இன்னும் இறுகிற்று. கால் மேலே எழும்பி, குதிகால் வெளியே வந்துவிட்டது. இன்சோல் போதவில்லை என்று தீர்மானித்து அதன்மேல் இன்னொன்று வைத்தீர். தட்டில் தோசை மேல் தோசையாக அது இருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, மைதானம் என்றும் பாராமல் கத்தினேன்.

"உள்ளே இருக்கதை எடும்னு எத்தனை தடவ சொல்லுதது?"

"அது ஒட்டியில்லா வச்சிருக்கான்."

"பிச்சு எடும்!"

"காசு குடுத்து வாங்கினதைப் பிய்க்கவா?"

"போம் ஓய்! உம்ம காலும் நீரும்!"

ராக்கெட்டை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். இனி இந்த ஆளோடு ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை மணி அடித்தது. கதவைத் திறந்தால் நீர், கையில் இரண்டு ஜோடி ஜெல்லையும் பிடித்துக்கொண்டு.

"போட்டுப் பாத்ததைத் திருப்பி எடுப்பானா வேய்?"

கோபப்படக்கூட விடமாட்டீர்.

அன்றே உம்மை நிக்டியில் இருக்கும் ஃபிசியோதெரபி பெண்ணிடம் இழுத்துக்கொண்டு போனேன். சின்ன வயசு மராட்டிப் பெண். உம்மை ஒற்றைக் காலில் நிற்கவிட்டு, பின்னாலிருந்து போனில் படம் எடுத்துக் காட்டினாள். குதிகாலுக்கு மேலே நேராக இறங்க வேண்டிய தசைநார் வில்லாக வளைந்திருந்தது. மெத்து வேண்டாம், உறுதியாக, வளைவைக் கீழிருந்து தாங்குகிற இன்சோல் வேண்டும் என்றாள். நீர் மராட்டியில் அவளோடு வாதாடினீர். வலிக்கிற இடத்தில் கல்லை வைப்பார்களா, பஞ்சை வைப்பார்களா என்றீர். அவள் பொறுமையாக, உம் பாதத்தின் உள்விளிம்புக்கு அடியில் ஒரு மரத் துண்டைச் செருகி, "இப்போது நில்லுங்கள் காகா" என்றாள்.

நின்றீர். கணுக்கால் நிமிர்ந்தது. குனிந்து பார்த்தீர். உம் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"வேய்! இது ஷிம்!"

"என்னது?"

"மிஷின் ஒரு பக்கம் சாஞ்சிருந்தா மேலே பஞ்சையா வைப்பான்? அடியில தகடு குடுத்து லெவல் பண்ணுவான். வாழ்க்கையெல்லாம் அதைத்தான பண்ணுனேன். இது தெரியாம நீரு என்னை ஜெல்லு வாங்க விட்டுட்டீரே!"

நான் விட்டுவிட்டேனாம்! இத்தனை மாதமாகத் தொண்டைத் தண்ணீர் வற்ற அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்? அந்தப் பெண் முன்னால் உம் கழுத்தைப் பிடிக்க முடியாமல் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு வேறு விதமான தொல்லை தொடங்கிற்று. நீர் ஞானம் பெற்றுவிட்டீர். கடை கடையாக என்னைக் கூட்டிக்கொண்டு போனீர், அதுவும் சாயங்காலம் மட்டும்தான். நாளெல்லாம் நடந்த கால் அப்போதுதான் முழு அளவுக்கு வீங்கியிருக்கும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். விளையாடும்போது போடுகிற தடித்த காலுறையைப் பையில் கொண்டுவருவீர். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த ஜோட்டை முதலில் ஈரத் துண்டைப் பிழிவதுபோல் இரண்டு கையாலும் முறுக்குவீர். முறுகினால் அது தேறாது. முறுகவில்லை என்றால் உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நிற்பீர். கால் இரண்டு பக்கமும் வழியும். "பாத்தீரா? வழியுது. இதுவும் நமக்கில்ல" என்று கடை முழுக்கக் கேட்கச் சொல்வீர். கடைக்காரர்கள் கதி கலங்கி நின்றார்கள். அகலம் வேண்டும் என்றால், "வைட் நஹி ஆதா சார்", அகலத்தில் வருவதே இல்லையாம். டெக்கான் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் மட்டும் மிகுந்த பரிவோடு, அகலமாக வேண்டுமென்றால் சாண்டல் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். நீர் அதற்கும் பதில் வைத்திருந்தீர். "சாண்டல் போட்டுகிட்டு டென்னிஸ் ஆடுனா இவன் வந்து பந்து பொறுக்குவானா வேய்?"

கடைசியில் என் மகள் ஆன்லைனில் தேடி, அளவு எண்ணோடு அகலத்துக்கும் தனிக் குறி போட்டிருக்கிற ஒரு டென்னிஸ் ஜோட்டைக் கண்டுபிடித்தாள். முதலில் வந்தது வேறு நிறம் மட்டுமில்லை, சாதாரண அகலம். திருப்பி அனுப்பினோம். மறுபடி வந்தது, இரண்டும் வலது கால். அதை நீர் முறுக்கிப் பார்த்து, தரையில் இன்சோலைப் போட்டு, வழியவில்லை என்று கூத்தாடிய பிறகுதான் இரண்டும் வலது என்று கவனித்தீர். என் வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு உமக்கு நினைவிருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது பெட்டி வந்த சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும். உம் வீட்டுக் கூடத்தில் பிரித்தோம். கம்பெனி இன்சோலை நீரே உருவி எடுத்தீர். அந்தப் பெண் செய்துகொடுத்த கெட்டித் தாங்கலை உள்ளே வைத்தீர். காலை விட்டு, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் ஒட்டவைத்து, கயிற்றைக் கட்டி எழுந்து நின்றீர். நான் அடுத்த விவாதத்துக்குத் தயாராக இருந்தேன்.

சன்னல் வரை நடந்தீர். திரும்பி வந்தீர். மறுபடி போனீர். மதினி காப்பி டம்ளரோடு அப்படியே நின்றார்.

"பிடிக்கலையா?" என்றேன்.

"விரல் அஞ்சும் தனித்தனியா இருக்கு வேய்" என்றீர். சோபாவில் உட்கார்ந்து என்னைப் பார்த்தீர். "ஒரு விஷயம் கேக்கேன், நெசத்தைச் சொல்லும். உமக்கு ஜோடு போட்டா இப்படித்தான் இருக்குமா? எப்பமும்?"

"எப்படி?"

"வலிக்காம."

ஆமாம் என்றேன்.

"பள்ளிக்கூடத்துல போட்ட ஜோடும் வலிக்கத்தான் செஞ்சுது. ஃபேக்டரில சேஃப்டி ஷூ, ஷிஃப்ட் முடிஞ்சு கழட்டுனா ரத்தம் கட்டியிருக்கும். ஜோடுன்னா வலிக்கத்தான் செய்யும், எல்லாப் பயலும் பொறுத்துக்கிட்டுத்தான் நடக்கான்னு நெனச்சேன். ஒருத்தனும் சொல்லல பாத்தீரா, அதனால நானும் சொல்லல."

மதினி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த இரவே எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் ஏமாந்தேன். மறுநாள் காலை மைதானத்துக்கு நீர் பழைய ஓட்டைக் கேன்வாஸோடு வந்து நின்றீர். புதியது பெட்டிக்குள். மண் தரை, அழுக்காகிவிடுமாம். வருஷா வருஷம் நடக்கும் போட்டிக்கு வைத்திருக்கிறீராம். அப்போது நான் கத்தவில்லை. கத்துகிற தெம்பு போய்விட்டிருந்தது. மதினியிடம் மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை. குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு உங்கள் தெருவுக்குள் வந்தது. நான் உம்மைக் கூப்பிட வந்து வாசலில் நின்றிருந்தேன். நீர் புது ஜோட்டை வீட்டுக்குள் நடந்து பழக்கிக்கொண்டிருந்தீர்; வீட்டுக்குள் மட்டும் போடலாம் என்று உமக்கொரு சட்டம். மதினி குப்பைக் கூடையோடு அந்தக் கேன்வாஸையும் எடுத்துக்கொண்டு போய் வண்டியில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி திரும்பி வந்தார். வண்டி நகர்ந்தது. நீர் வாசலைப் பார்த்தீர். பழைய ஜோடு இருந்த இடம் காலி.

"ஏட்டி! எங்க?"

மதினி தெருவைக் காட்டினார்.

ஓடினீர், வேய். "ருக்கோ! தாம்பா!" என்று வண்டியை நிறுத்தச் சொல்லி இந்தியிலும் மராட்டியிலும் கத்திக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, புது ஜோட்டோடு அந்தத் தெரு முழுக்க ஓடினீர். உம்மோடு அத்தனை காலம் ஆடிய நான், நீர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். முழங்கால் நேராக விழுந்தது. கணுக்கால் சரியவில்லை. தெருமுனையில் வண்டி நின்றது. நீர் அதைத் தொடும் தூரத்தில் நின்றுவிட்டீர். வண்டிக்காரர் என்ன வேண்டும் என்று கேட்கிறார். நீர் குனிந்து காலைப் பார்க்கிறீர். திரும்பி, ஓடிவந்த தூரத்தைப் பார்க்கிறீர். பிறகு வண்டிக்காரரிடம் ஏதோ சொல்லிக் கையை அசைத்துப் போகச் சொன்னீர்.

திரும்பி வரும்போது சும்மா வந்திருக்கலாம். "கிட்டத்துல போனேன், ஆனா நாத்தம் வேய்" என்றீர். மதினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அந்த வருஷப் போட்டியில் நாம் இரண்டாம் சுற்றில் தோற்றோம். அந்தக் கண்ணாடிக்காரரிடமும் அவர் கூட்டாளியிடமும்தான். ஆனால் தலைக்கு மேலே போன ஒரு பந்தைத் துரத்திக்கொண்டு நீர் கோட்டுக்கு வெளியே வரை ஓடி, திருப்பியும் அடித்தீர். ஆட்டம் முடிந்து கை குலுக்கும்போது கண்ணாடிக்காரர், "நல்லா ஆடினீங்க. ஆனா என் பேக்ஹேண்ட் அவ்வளவு மோசமில்ல சார்" என்று நல்ல தமிழில் சொன்னார். பட்டாளத்தில் பல வருஷம் ஊட்டிப் பக்கம் வெலிங்டனில் இருந்தவராம். நான் மண்ணுக்குள் போய்விடலாமா என்று நின்றேன். நீர் அவர் தோளில் கைபோட்டு, "அப்ப இவ்வளவு நாளும் கேட்டுக்கிட்டா இருந்தீரு?" என்று சிரித்தீர்.

அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் ஓடி ஓடி ஆடினீர். வலி தணியட்டும் என்று ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டு நிற்கவில்லை. எனக்கு அது போதுமாயிருந்தது.

மூன்றாவது மழைக்காலத்தில், ஒரு பிற்பகல், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மதினி என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "ஒங்ககிட்டயாவது சொன்னாவளா அண்ணாச்சி?" உம் சட்டைப் பையில் வாயு மாத்திரை அட்டை, ஏறக்குறையக் காலி. இடது தோள் வலிக்கிறது என்று மருந்துக்கடைக்காரரிடம் களிம்பு வாங்கியிருக்கிறீர். சர்வீஸ் போட்டுப் போட்டு வந்த வலி என்று அவரிடம் சொல்லியிருக்கிறீர். மதினியிடம் சொல்லவில்லை. நாள் தவறாமல் பக்கத்தில் நின்று ஆடிய என்னிடம் சொல்லவில்லை.

என்ன மனுஷன் வேய் நீர்? ஒரு ஜோட்டுக்காக ஒரு வருஷம் உம்மோடு மல்லுக்கட்டினேன். எத்தனை கடை, எத்தனை பெட்டி, எத்தனை வசவு! மாரை அடைக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த நிமிஷமே தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்க மாட்டேனா? அதையும் எல்லோருக்கும் இருப்பதுதான் என்று நினைத்தீரா? எல்லாப் பயலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான் என்று நினைத்தீரா? வலிக்காத ஜோடு என்று ஒன்று உண்டு என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுமா, ஓய்?

சேதி கேட்டுப் பாளையங்கோட்டையிலிருந்து உம் தம்பி வந்திருந்தார். மயானத்தில் கல் மாதிரி நின்றார், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காரியம் முடிந்து அவர் கிளம்பும்போது மதினி உம் ஜோட்டைக் கொண்டுவந்து, உங்களுக்கு ஆகுமா பாருங்க தம்பி என்றார். எனக்கு அது ஆகாது. என் கால் அதில் தொளதொளக்கும். உம் தம்பி காலை விட்டார். அதே முறக்கால். எழுந்து நின்றார். விரல்களை உள்ளே அசைத்துப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. அப்படியே உட்கார்ந்து அழுதார். எங்கள் வீட்டு ஆம்பிளைகள் எல்லோருக்கும் இதே கால்தான், அப்பாவுக்கும் இதே கால்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

போன மாதம் ஒரு காலை. குளித்துவிட்டு வந்து சட்டை போட்டபோது எனக்கு மாரில் ஏதோ இறுக்கிப் பிடித்தது. தாடை வரை ஏறிற்று. பெரிய வலி இல்லை. உட்கார்ந்தால் போய்விடும் போலத்தான் இருந்தது. அன்று கிளையில் தணிக்கை. ஒன்றுமில்லை என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வந்த வேகத்தில் உம் முகமும் வந்தது, அந்த ஸ்கூட்டர் துணியோடு. அடுக்களைக்குப் போனேன். என் வீட்டுக்காரி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மாரு வலிக்கி" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். அடுத்த அரை மணியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். ஒரு குழாயில் அடைப்பு ஆரம்பித்திருக்கிறது, சீக்கிரம் வந்ததால் பிழைத்தது, இப்போதைக்கு மாத்திரை போதும், கொஞ்ச நாள் கழித்து ஆடவும் செய்யலாம் என்றார்கள். தலைவலி என்றுகூட ஒருநாளும் சொல்லாத ஆள் இன்றைக்கு எப்படிச் சொன்னீர்கள் என்று இவள் கேட்டாள். உம்மைத்தான் சொன்னேன். இவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அதுதான் வருகிறது.

வலித்தால் வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லத் தெரிகிறது எனக்கு. உம்மிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அது ஒன்றுதான். கூசாமல் எடுத்து வைத்துக்கொண்டேன், திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. ஆனால் அதை முதலில் நீரல்லவா வைத்திருந்திருக்க வேண்டும், ஓய்?